இத்தாலி அமைச்சரும் நாலாவது அடிக்கல்லும்

மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வருவதை எல்லாரும் அடுத்தவர் பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வாக்குறுதியை மட்டும் நாமே கொடுத்ததாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். உங்களில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

நான் இருப்பது இலங்கையில், இரத்தினபுரியில், ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தின் அலுவலகத்தில். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வீட்டில் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போன முதல் ஆள். அம்மா இன்னும் கொழுந்துதான் எடுக்கிறார். அதனால் எந்த அதிகாரி கூப்பிட்டாலும் வேலை போய்விட்டது என்றே முதலில் தோன்றும்.

அறிமுக உரை

நிவித்திகலப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அதன் பின்னால் மண்மேடு. சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு. மழை பிடித்தால் செல்வமேரி அக்கா குழந்தைகளை வாரிக்கொண்டு மாதா கோயிலுக்கு ஓட வேண்டும். அவர்தான் அங்கே பொறுப்பு. வேறு இடத்தில் புதிதாகக் கட்ட இத்தாலி அரசாங்கம் பணம் தரலாம் என்றும், அதற்காக அந்நாட்டு அமைச்சர் ஒருவர், ஒரு பெண், நேரில் வருகிறார் என்றும் தகவல் வந்தது.

அவரைப் பற்றி மக்களுக்குச் சொல்லும் வேலை எனக்கு. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று சொன்னேன். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், நகர சபைக்கு வந்தார், பாராளுமன்றம் போனார், துணை அமைச்சரானார். அந்த அரசாங்கம் கவிழ்ந்தது, தேர்தலில் தோற்றார். மறுபடி ஜெயித்து அமைச்சரானார். அதுவும் கவிழ்ந்தது. இப்போது இன்னொரு அமைச்சு. சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது.

"கவுருமெண்டு விழுந்துக்கிட்டே இருக்கு, அந்தம்மா மட்டும் நிக்கிதா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் மரியதாஸ். எனக்கு முந்திக்கொண்டு செல்வமேரி அக்கா பதில் சொன்னார்: "நம்ம காம்பரா செவுரு மாதிரின்னு வச்சுக்குங்க தலைவரே. இந்தா விழுது, அந்தா விழுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிக்கிதுல்ல?"

படிக்கல்

வருகைக்கு முன்தினம் இடத்தைப் பார்க்கப் போனோம். இதே பிள்ளைக்காம்பராவுக்கு ஏற்கெனவே மூன்று அடிக்கற்கள் நாட்டப்பட்டிருந்தன. நாட்டியவர்கள் நம் நாட்டு மந்திரிகள் மூவர். கட்டடம் வராததால் கற்களுக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. ஒன்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் துணி துவைக்க. ஒன்று கத்தி தீட்ட. மூன்றாவது பிள்ளைக்காம்பரா வாசலில் படி. எழுத்து தேயும் அளவுக்கு மிதிபட்டிருந்தது.

மூன்றையும் சாக்குப் போட்டு மூடச் சொன்னார் தோட்டத்து மேனேஜர் தொரை. செல்வமேரி அக்கா படிக்கல்லை மட்டும் விடவில்லை. மூடினால் குழந்தைகள் தடுக்கி விழும் என்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்று வியர்த்தேன். எங்கள் சாரதி ரியாஸ் நானா ஜீப்பில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "விடுங்க தங்கச்சி. மூணு மந்திரிமாருல ஒருத்தராவது புள்ளைங்களுக்குப் பிரயோசனமா இருக்காரு."

திரை விலக்காத விழா

அமைச்சர் இத்தாலிய மொழியில் பேசினார். அவருடைய செயலாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். ஒரு நகைச்சுவை எங்களைத் தாண்டி மக்களிடம் போய்ச் சேரும்போது இரங்கல் செய்தி போல ஆகிவிடும். நானாவது கடைசி ஆளாக நின்று சிரித்து வைப்பேன்.

பிள்ளைக்காம்பரா வாசல் படியில் கால் வைத்த அமைச்சர் குனிந்து பார்த்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தொரை என்னை முறைத்தார். வேலை போனாலும் போகட்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. போய்விடுமோ என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் மூன்று அடிக்கற்களின் கதையை உள்ளபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்களா?" என்றார். வைத்திருந்தோம். மூன்று மொழியில் பெயர் வெட்டி, பட்டுத்துணி போர்த்தி.

அவர் துணியைத் தொடவில்லை. தன் ஊரிலும் இப்படி நாட்டிய கற்களைச் சுற்றிப் புல் வளர்ந்திருக்கிறது என்றார். திரும்பிப் போனதும் பணத்துக்கு ஒப்புதல் வாங்குவதாகவும், கூரை போட்ட பிறகு கூப்பிட்டால் வருவதாகவும் சொன்னார். எத்தனையோ கூட்டங்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் பேசியதில்லை.

கூட்டத்தில் கைதட்டலே இல்லை. இந்தத் தோட்டத்தில் கல் வைக்காமல் போன மந்திரி கிடையாது. கல் இல்லையென்றால் மனம் இல்லை என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாகனங்கள் புறப்பட்டதும் மரியதாஸ் தலைவர் என்னிடம் வந்தார். "ஒண்ணும் தராட்டியும் பரவால்ல மிஸ், ஒரு மரியாதைக்குக் கல்லயாச்சும் வச்சிட்டுப் போயிருக்கலாம்."

ரோமில் விழுந்தது

ஒப்புதல் வருவதற்குள் இத்தாலியில் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. புதிய அமைச்சரவை வரும்வரை எதுவும் நகராது என்று மின்னஞ்சல் வந்தது. அதை நேரில் போய்ச் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. மொழி தெரிந்தவள் நான்தானாம்.

போன அன்றும் மழை. மாதா கோயிலில் பெஞ்சுகளை ஒதுக்கி, குழந்தைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் செல்வமேரி அக்கா. பெயர் வெட்டிய நாலாவது கல்லைக் கோயில் வாசல் சேற்றில் போட்டிருந்தார்கள். அதில் கால் வைத்துத்தான் உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா இனி அமைச்சராக வருவாரா, வந்தாலும் இதே அமைச்சா என்று தெரியாது என்றும் சொன்னேன். அக்கா அழுத குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"விழுந்து விழுந்து எந்திரிக்கிறது அந்தம்மாவுக்குப் பழக்கம்னு சொன்னது நீங்கதான். செவுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லன்னு அவங்களுக்கு எழுதிப் போடுங்க, மிஸ்."

அப்படியே எழுதிப் போட்டேன், பதில் இல்லை. இப்போதெல்லாம் விடிந்ததும் நிவித்திகலப் பக்கம் மழையா என்று பார்த்துவிட்டு, ரோமில் அரசாங்கம் அமைந்ததா என்றும் பார்ப்பதுதான் இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி உயர்வு.