தங்கைக்குப் போன கசற்

யாழ்ப்பாணத்தை விட்டு ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அப்பா மேசைக்கடியில் போய்விடுவார். தொண்ணூறுகளின் நடுவில் கிழமைக்கு ஒருமுறை அவரை அஜின்கோர்ட்டில் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போவேன். மொழிபெயர்ப்பும் நான்தான். லீவு கேட்டுக் கேட்டே சூப்பர்வைசருக்கு என் முகம் பிடிக்காமல் போய்விட்டது.

சத்தம் கேட்டால் காலைத் தரையில் ஊன்ற வேண்டும், கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும், எந்த ஊரில் இருக்கிறேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஆலோசகப் பெண்மணி இதைத்தான் பழக்கினார். அடுத்த கிழமை கேட்டால் அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகமிருக்காது. வயதானால் அப்படித்தான், பதிவு செய்து கொடுங்கள், வீட்டில் போட்டுக் கேட்கட்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னதால், எல்லாவற்றையும் தமிழில் ஒரு கசற்றில் பேசிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் கசற்றைக் காணவில்லை. கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்த தன் தங்கைக்கு, என் மாமிக்கு, அப்பா அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் கடிதம் போவதும் வருவதும் கசற்றில்தான்.

"அவளுக்குத்தானே உது தேவை. அங்கைதான் ஹெலி சுத்துது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கை உண்மையாச் சுடுவாங்கள். மாமி காலை ஊண்டிக்கொண்டு நிண்டால் என்ன நடக்கும்?"

"உது எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய்? அதுதான் நாலைஞ்சு தரம் போட்டுக் கேட்டு, கசற்றின்ரை கடைசியிலை என்ரை குரலிலையும் சொல்லிவிட்டனான். காலை ஊண்டு. அஞ்சு சாமானின்ரை பேரைச் சொல்லு. எந்த ஊரிலை நிக்கிறாயெண்டு சொல்லு."

ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

"ஊர் யாழ்ப்பாணமெண்டால் ஓடு."