கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

அன்று அங்கே இருந்தவர்கள்: நான். என் மனைவி. கார்க்காரர். கார்க்காரரின் அம்மா. வேறு யாரும் இல்லை.

இடம் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கார்ஷெட். சனிக்கிழமை காலை. மூன்று பேர் நின்றோம். அம்மா மட்டும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபிளாஸ்க்.

வேலை, காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் பொருத்துவது. காரோடு வருகிற திரை இல்லை. மேசையில் வைத்து வேலை செய்கிற கம்ப்யூட்டர். செங்கல் அளவு டப்பா. அதை டிக்கியில் வைத்து, முன்னால் ஒரு திரை, கண்ணாடியில் ஒரு கேமரா.

கார்க்காரருக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. விசாவில் இருப்பவர். இன்னும் ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். அவர் சொந்தமாக ஒன்று செய்து வைத்திருந்தார். கார் ஓடும்போது கேமரா ரோட்டைப் பார்க்கும். எங்கே வெடிப்பு, எங்கே குழி என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு கம்பெனி ஆட்களைக் காரில் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது வரை படித்தவன். அதுவும் தமிழில். பதினான்கு வயதில் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். வயரிங் வேலை. லாரிக்கு அடியில் படுத்தே தொழில் கற்றேன். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. அவள் பின்னால் நான் வந்தேன். ஒரு பஞ்சாபிக்காரரின் காரேஜில் பாட்டரி, லைட், செல்ஃப் மோட்டார் பார்க்கிறேன். அவரும் நானும் விரலாலும் நம்பராலும் பேசிக்கொள்வோம்.

இங்கிலீஷ் எழுத்து தெரியும். எழுத்துக் கூட்டினால் பாதி வரும். மீதி வராது. இது மனைவிக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. தெரிய விட்டதில்லை.

கார்க்காரர் எனக்கு மவுரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் பழக்கம். அவர் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. பாட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினேன். ஓடியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னை அண்ணா என்றார். நண்பர்களிடம், அண்ணா கை வைத்தால் ஓடும் என்று சொல்வார். எல்லாரும் பெரிய படிப்பு. அவர்கள் நடுவில் எனக்கு அப்படி ஒரு பேர். பிடித்திருந்தது.

டப்பாவை டிக்கியில் ரப்பர் வாஷர் போட்டு முடுக்கினேன். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தேன். வயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டினேன். வெளியே ஒரு நூல் தெரியாது. அந்த வேலையில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். கார் பாட்டரி பன்னிரண்டு வோல்ட். அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது பத்தொன்பது. நடுவில் ஏற்றிக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் ஓரத்தில் வரிசையாக ஊசிகள். ஜம்பர் என்று ஒரு குட்டிப் பாலம். அதை எந்த இரண்டு ஊசியில் செருகுகிறோமோ அதற்குத் தக்கபடி வோல்ட் மாறும். எதில் செருகினால் எத்தனை என்று ஒரு ஷீட் அதோடு வந்திருந்தது. முழுக்க இங்கிலீஷ். பொடி எழுத்து.

ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி டியூட்டிக்குக் கிளம்பி வந்தவள் அதைப் பார்த்தாள்.

"குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம். நீ கிளம்பு."

அவள் மருந்து பாட்டிலை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் கையை நீட்டினாள். கார்க்காரர் பக்கத்தில் நின்றார். நான் கொடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். போய்விட்டாள்.

கார்க்காரர் கேட்டார். "அண்ணா, ஜம்பர் எல்லாம் ஷீட்ல பார்த்துட்டீங்கள்ல?"

"பார்த்தாச்சுங்க."

பார்க்கவில்லை. பாலம் வரும்போதே ஓர் இடத்தில் செருகித்தான் வந்தது. கம்பெனிக்காரன் செருகியது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். மீட்டர் பைக்குள் இருந்தது. கார்க்காரர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டேன். திரை எரிந்தது. அவர் என் தோளைத் தட்டினார்.

அந்த அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றினார். திருவாரூர் பக்கம். ஆறு மாதத்துக்கு வந்தவர். திரும்ப இரண்டு வாரம் இருந்தது. மகன் வீட்டில் எதைத் தொடுவது என்றே முதலில் தெரியவில்லை என்றார். பாத்திரம் கழுவுகிற மிஷின், துணி மிஷின், தண்ணீர்க் குழாய்கூட. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கத்துகிறதாம்.

"அடுப்ப மட்டும் பழகிட்டேன் தம்பி. தீயே தெரியாத அடுப்பு. இந்தக் காப்பி நானே போட்டது. அவனுக்கும் காலைல நான்தான் போட்டுக் கொடுக்குறேன்."

காப்பி நன்றாக இருந்தது. சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்தது.

மறுநாள் ஞாயிறு. லிவர்மோர் கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று வண்டியில் ஏறியிருக்கிறது, பூஜை போடாமல் ஓட்டக் கூடாது என்றார்.

"கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லையேம்மா" என்றார் மகன்.

"வண்டிச் சக்கரம் போதும்டா. உன் கம்ப்யூட்டர் என்ன தனியாவா ஓடப் போகுது?"

ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். பின்சீட்டில் போனேன். மலை ஏறி இறங்கும்வரை திரை சரியாக ஓடியது. ரோட்டில் ஒரு விரிசல் வந்தாலும் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டியது. மகன் குரல் தெளிந்திருந்தது.

கோயிலில் குருக்கள் பானெட்டில் பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார். நான்கு பழத்தையும் நசுக்கிக் கார் முன்னால் நகர்ந்தது. வயரை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். மகன் டிக்கியைத் திறந்து கொடுத்துவிட்டுப் பிரசாதம் வாங்கப் போனார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். விரலில் சந்தனம்.

"இதுக்கும் வைக்கலாமா தம்பி? அவன கேட்டா வேண்டாம்பான். நீங்க சொன்னா சரி."

லாரிப் பட்டறையில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் டைனமோவிலிருந்து ஸ்பானர் வரைக்கும் சந்தனம் வைத்தவன் நான். ஒரு மோட்டார்கூட அதனால் கெட்டதில்லை.

"வைங்கம்மா" என்றேன்.

டப்பாவின் மூடியில் மூன்று பொட்டு வைத்தார். மேலே குங்குமம். மெதுவாக, சிந்தாமல் வைத்தார்.

திரும்பும் வழியில், சுனோல் இறக்கத்தில், திரை அணைந்தது. பிறகு வாசனை வந்தது. மகன் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஓரமாக நிறுத்தினார். டிக்கியைத் திறந்தோம். டப்பாவைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

சூடு கொஞ்சம் ஆறியதும் மூடியைக் கழற்றினேன். உள்ளே பலகை ஒரு மூலையில் கறுத்திருந்தது. வோல்ட் அதிகம் போனால் வருகிற கருகல் வாசனை. நாற்பது வருடமாகத் தெரிந்த வாசனை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்தான் கண் ஜம்பர் பக்கம் போனது.

மகன் குந்தி உட்கார்ந்திருந்தார். குரல் சின்னதாகிவிட்டது.

"என்னண்ணா ஆச்சு?"

அம்மா இறங்கி அவருக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் விபூதிப் பொட்டலம்.

நான் கழற்றிய மூடியைத் திருப்பிக் காட்டினேன். மூடியில் காற்றுப் போகத் துளைகள் இருந்தன.

"சந்தனம் உள்ள இறங்கியிருக்குங்க. ஈரம்."

அதை ஏன் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்க ஒன்றும் இல்லை. என் பேர் கெடக் கூடாது. அதற்காகச் சொன்னேன்.

"யார் வச்சது?" என்றார் மகன்.

அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. நான் ஸ்க்ரூவைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"நான்தான்பா வச்சேன்."

"எத்தன தடவைம்மா சொல்றது. தெரியாததுல கை வைக்காதன்னு."

"தெரியலப்பா. என் தப்புதான்."

தம்பியைக் கேட்டுத்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வீடு வரும்வரை அம்மா விபூதிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

கருகிய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார் மகன். கன்வெர்ட்டரையும் கழற்றிக்கொண்டேன். வீட்டில் ஒரு பழைய பாட்டரியில் அதை மாட்டி மீட்டர் வைத்தேன். இருபத்து நான்கு காட்டியது.

மாலையில் மனைவி வந்தாள். ஷீட்டை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். முதல் வரியிலேயே இருக்கிறது என்றாள். வரும்போது இருபத்து நான்கில் செருகி வரும், மாட்டும் முன் மாற்றிக்கொள்ளவும் என்று.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப யார் மேல போட்டீங்க?"

சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றுவதை நிறுத்தினாள்.

"வார்டுல மருந்த மாத்திக் குடுத்துட்டு, பக்கத்து பெட்டுக்காரங்க மேல பழிய போடுற மாதிரி இருக்குங்க இது."

போன் பண்ணச் சொன்னாள். நாளைக்கு என்றேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்களிடம் கார்க்காரர் கெஞ்சி வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு நண்பர் வேறு கம்ப்யூட்டர் கொடுத்தார். அதுவும் பத்தொன்பதுதான். செவ்வாய்க்கிழமை கார்க்காரர் வீட்டுக் காரேஜில் மாட்டப் போனேன். மனைவிக்கு லீவு. அவளும் வந்தாள். அவள் ஷீட்டைப் படித்தாள். மூன்றாவது ஊசி, நான்காவது ஊசி என்றாள். நான் செருகினேன். மீட்டர் வைத்தேன். பத்தொன்பது.

"இந்தத் தடவ ஆன்ட்டி படிக்கிறாங்களா?" என்று கார்க்காரர் சிரித்தார். என் மனைவியைவிட அவருக்கு ஆறேழு வயதுதான் குறைவு. கேலிக்கு அப்படிக் கூப்பிடுவார். "அண்ணாவுக்குக் கண்ணாடி மாத்தணுமாம்" என்றாள் அவள். எனக்காக அவளும் ஒரு பொய் சொன்னாள்.

காரேஜிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு. திறந்திருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றார். பால் பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தது. கையிரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்.

"அடுப்பு போடட்டுமாப்பா?"

"இரும்மா, நான் வந்து போடுறேன்" என்றார் மகன். கோபமாகச் சொல்லவில்லை. வேலையாக இருந்தார்.

அம்மா நின்றார். நான் வயரைச் சுற்றி முடிக்கும்வரை அதே இடத்தில் நின்றார். மகன் போய் அடுப்பைப் போட்ட பிறகுதான் பாலில் கை வைத்தார். காப்பி கொண்டு வந்து கொடுக்கும்போது என்னிடம் கேட்டார்.

"இந்தத் தடவ பூஜை வேண்டாம்ல தம்பி?"

"வேண்டாம்மா."

அப்போதும் சொல்லியிருக்கலாம். மகன் பத்தடியில் இருந்தார். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியைக் குடித்தேன்.

வியாழக்கிழமை ஓட்டிக் காட்டினார். வேலை கிடைத்தது. அண்ணா இல்லாவிட்டால் நான் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னார். ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி அதைத் தொடவில்லை. காரேஜுக்குக் கொண்டுபோய் வைத்தேன். பஞ்சாபிக்காரர் சாப்பிட்டார்.

அம்மா ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார்கள். மகன் என் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டு வர மாடிக்குப் போனார். அம்மா முன்சீட்டில் இருந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது. அவரும் நானும் மட்டும். கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன்.

"நானும் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன் தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சனிக்கிழமை நான் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார். சுனோலில் டிக்கி முன்னால் நின்றபோதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தன் தப்பு என்றார்.

நல்லபடியா போய்ட்டு வாங்கம்மா என்றேன். மகன் வந்தார். கார் போனது.

இரண்டு வருடம் ஆகிறது. அம்மா திரும்ப வரவில்லை. மகன் கூப்பிட்டிருக்கிறார். அங்கே வந்து நான் எதையாவது கெடுப்பேன், வேண்டாம்பா என்கிறாராம். இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

இதை எழுதுகிறேன். மகன் தமிழ் படிப்பவர். படித்தால் தெரிந்துகொள்வார். படிக்காவிட்டால் போய்ச் சொல்ல வேண்டும். மனைவி கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தூக்கிப் போடச் சொன்ன டப்பாவை நான் போடவில்லை. போன மாதம் வீடு மாறினோம். அலமாரிக்கு அடியிலிருந்து வந்தது. மூடியில் மூன்று பொட்டும் காய்ந்து அப்படியே இருந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மூடியில் மொத்தம் தொண்ணூற்றாறு துளைகள். உள்ளே இறங்காமல் மேலே சந்தனம் பட்ட துளைகளை மட்டும் ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

இரண்டு.