அரசாங்க மாப்பிள்ளை

2012இல் சிட்னியில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஃபெரிக் கப்பல்களை ஓட்டும் பொறுப்பை அரசாங்கம் ஒரு தனியார் கம்பனியிடம் கொடுத்தது. கொடுக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அதே நேரத்தில்தான் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். துறைக்குத் துறை ஃபெரியைக் கயிற்றால் கட்டுகிற என்னை, பெண்ணின் தகப்பன் மெல்பேர்ன் முழுக்கக் ‘கவுண்மேந்து உத்தியோகம்’ என்று சொல்லி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த மனிதர். அவருக்கு உலகத்தில் மாப்பிள்ளைகள் இரண்டே வகை: அரசாங்க வேலைக்காரர், மற்ற ஆட்கள்.

செய்தி காதுக்கு எட்டியதும் மகளையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கே நேரில் விசாரிக்க வந்துவிட்டார். நான் வேலையில் நின்ற பரமட்டா ஃபெரியிலேயே ஏறினார். அவளோடு தொலைபேசியில் கதைத்துக் கதைத்து, கட்டினால் இவளைத்தான் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

கயிற்று வேலை முடிந்ததும் அருகில் போனேன். ஃபெரியின் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்தக் கப்பலையும் வித்துப்போட்டாங்களோ?”

“இல்லை அங்கிள். கப்பல் இப்பவும் கவுண்மேந்தின்ரதான். ஓட்டுறது மட்டும்தான் கம்பனி.”

“அப்ப நீர்?”

“நான் கம்பனி.”

அவர் கப்பலை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“கப்பல் கவுண்மேந்து. மாப்பிள்ளை பிரைவேட்.”

விட்டால் மகளைக் கப்பலுக்கே கட்டிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. வேலை அதேதான், சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது என்று நான் சொன்னது எதுவும் அவர் தலையில் ஏறவில்லை. இந்த மனிதரின் மண்டைக்குள் கச்சேரி ஃபைலைத் தவிர வேறொன்றும் இல்லையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“இது சரிவராது, பிள்ளை,” என்று மகளிடம் திரும்பினார். “நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் கம்பனிக்காரன் கைவிட்டுடுவான்.”

அதுவரை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“சண்டைக்குள்ள நாங்கள் வீட்டை விட்டு ஓடி வரேக்க, உங்களுக்குக் கவுண்மேந்து உத்தியோகம்தானே அப்பா இருந்தது?”

எனக்கு அவர்மேலிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பாவமாக இருந்தது. அடுத்த துறை வந்து, நான் கயிறு கட்டி, ஆட்கள் இறங்கி ஏறி முடியும்வரை அவர் என் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகாட்டி என்னைக் கூப்பிட்டார்.

“உந்தக் கம்பனி கலியாணத்துக்கு எத்தினை நாள் லீவு தரும், தம்பி?”