தமிழில் கேட்டபோது

எங்கள் பேண்டில் நான் டிரம்ஸ். பாகூர் பக்கம், பாட்டுக்காரனுடைய அப்பாவின் நெல் குடோனில்தான் ஞாயிறுதோறும் பயிற்சி. அவனும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். கிடார்காரன் வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருந்தான், அதிகம் பேசமாட்டான்.

பழைய பங்க் ராக் பாட்டுகள்தான் எங்களைச் சேர்த்தன. சரியாக வாசிக்கத் தெரியாவிட்டாலும் கோபம் இருந்தால் மேடை ஏறலாம் என்று சொன்ன இசை. பெண்பிள்ளைக்கு எதற்கு டிரம்ஸ் என்று கேட்ட வீட்டில் எனக்கு அதுதான் தைரியம். ஆங்கிலக் கத்தலில் பாதி புரியாது. புரிந்த பாதியில் அரசாங்கமும் முதலாளியும் திட்டு வாங்கினார்கள். அது போதுமாக இருந்தது.

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி கிடைத்தது. அதற்காக எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலப் பாட்டொன்றைப் பாட்டுக்காரன் தமிழில் எழுதிவந்து பயிற்சியில் பாடினான். விட்டுப்போன காதலியைத் திட்டும் பாட்டு. நடுவில் ஒரு வசவு. பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்க்காமல் நடந்த என் முதுகில் ஒருவன் வீசிய அதே வசவு.

"அந்த வார்த்த வேணாம்டா."

"இன்னாடி, இங்கிலீஷ்ல அதான இருக்குது? இத்தினி நாளு நீயுந்தான அடிச்ச?"

"அப்ப புரியல. இப்ப புரியுது."

"பங்க்னா அப்டிதான். யாரையும் வுடமாட்டோம்."

"அப்டியா? உங்கப்பாவ திட்டி ஒரு வரி பாடு பாக்கலாம். இங்கயே, அவரு குடோன்ல."

அவன் முகம் இறுகியது. கிடார்காரன் குனிந்து ஒயரைச் சுருட்டினான். கடைசியில், "சரி, மாத்திடறேன்" என்றான் பாட்டுக்காரன்.

அந்த வாரம் பழைய பாட்டுகளை வரிகளோடு தேடிப் படித்தேன். பலவற்றில் பெண் என்றால் ஏமாற்றுக்காரி, இல்லையென்றால் அடிவாங்குபவள். அதே காலத்தில் பெண்களும் பேண்ட் வைத்துப் பதிலுக்குக் கத்தியிருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டு ஒன்றுகூட எங்கள் பென்டிரைவில் இல்லை.

நிகழ்ச்சியன்று, பாட்டில் அந்த இடம் வருவதற்கு முன் பாட்டுக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மைக்கை நெருங்கி அதே வசவைப் பாடினான்.

குச்சிகளைத் தூக்கிவிட்டேன். தாளமில்லாமல் அந்தச் சொல் மட்டும் மண்டபத்தில் நின்றது. பின்னாலிருந்து ஒரு விசில். முன்வரிசைப் பெண்கள் அசையவில்லை.

"அடிடி!" என்றான் பல்லைக் கடித்து. மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

"மாத்தறன்னு சொன்ன இல்ல?" என்றேன்.

அப்போது கிடார்காரன், என்னையே பார்த்தபடி, அடுத்த பாட்டைத் தொடங்கினான். நான் சேர்ந்துகொண்டேன். பாட்டுக்காரன் மேடையை விட்டு இறங்கிப்போனான். மீதிப் பாட்டுகளை நானே கத்தினேன். சுருதி சேரவேயில்லை.

குடோன் எங்களுக்குப் பூட்டப்பட்டது. இப்போது செல்போன் கடைக்குப் பின்னால் பயிற்சி. ஒருநாள் கடைக்கு வந்த பாட்டுக்காரன் என்னிடம், "இன்னும் கோவமா?" என்றான்.

"ஆமா."

வந்த வழியே போய்விட்டான்.

அந்த ஆங்கிலப் பாட்டின் தாளம் எனக்கு இன்றும் பிடிக்கும். அந்த வரி வரும்போது நிறுத்துவதில்லை. கடைசிவரை கேட்கிறேன், பற்களைக் கடித்து, தாடை வலிக்க.