துணியில் உருண்ட கோலி

பிப்ரவரி 11 அன்று, எங்கள் பள்ளியின் தற்காலிக அறிவியல் டீச்சரின் வகுப்பைப் பார்வையிட அதிகாரி வந்தார். அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் வேலை நிரந்தரமாகும்.

வளையத்தில் இழுத்துக் கட்டிய துணியின் நடுவே டீச்சர் இரும்புக் குண்டை வைத்தார். "இதுதான் நம்ம கருந்துளை." உருட்டிய கோலிகளெல்லாம் சுற்றிச் சுற்றிக் குண்டிடம் போய் விழுந்தன.

"அப்போ நாமளும் விழுந்துடுவோமா டீச்சர்?" ஒரு சிறுமி அழத் தொடங்கினாள்.

"விழுந்தா வீட்டுப்பாடம் எழுத வேண்டாம், விடுடி," என்றான் பக்கத்துப் பையன். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் அதிகாரியை ஒருமுறை பார்த்தார்.

"விழமாட்டோம் கண்ணு. துணி உரசித்தான் கோலி வேகம் குறைஞ்சு விழுது. வானத்துல துணி ஏது? தூரத்துல இருக்கறது சுத்திக்கிட்டேதான் இருக்கும். நான் காட்டினதுலதான் குறை."

சிறுமி கண்ணைத் துடைத்தாள். 'செய்முறையில் குறை, ஆசிரியரே ஒப்புக்கொண்டார்' என்று அதிகாரி எழுதினார்.

டீச்சருக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது மார்ச் 9 அன்று.