ஊசியக்கா கட்டிய படகு

தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பாதி தையல் தொழிலால் வந்தது, மீதி வாயால்.

வீட்டுக் கொட்டகையில் படகு கட்டப்போவதாக அவள் சொன்னதும், தச்சு வேலை செய்யும் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சட்டை தைக்கிறவளுக்கு இது எதுக்கு?"

"இதையும் தைக்கத்தான் போறேன், அண்ணே."

சொன்னபடியே ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் இழுத்துத் தைத்தாள். தையல்மேல் எபாக்ஸி பிசினைத் தடவிக் கண்ணாடியிழைத் துணியை ஒட்டினாள். எல்லாம் வெறுங்கையால். கை பிசுபிசுத்தால் வண்ணம் கரைக்கும் தின்னரில் கழுவுவாள்.

ஒருநாள் இமைகள் வீங்கிக் கண் திறக்கவில்லை. கையெல்லாம் கொப்புளம்.

"தின்னரால கழுவிப் பிசினைத் தோலுக்குள்ள அனுப்பிட்டீங்க. உடம்பு இனி அதை ஏத்துக்காது. காயாத பிசின் பக்கமே போகாதீங்க" என்றார் மருத்துவர்.

அண்ணன் பார்க்க வந்தான். "விட்டுத் தொலை. பலகை விறகுக்காவது ஆகும்."

"பிசின் பக்கம் போகாதேன்னுதான் டாக்டர் சொன்னார். படகை முடிக்காதேன்னு சொல்லல."

பேருந்து ஓட்டும் கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, இனி ஒட்டுறது நீங்க. ஆனா கொட்டகையில என் சட்டம்தான்."

சட்டம் கறாரானது. முழுக்கைச் சட்டை, கையுறை, ஆவியைத் தடுக்கும் முகமூடி, இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். அவள் முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று அதிகாரம் செய்வாள்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவன் ஒருநாள் பிசினையும் அதை இறுக்கும் திரவத்தையும் பிளாஸ்டிக் குவளை நிறையக் கலந்துவிட்டான்.

"என்னடி, கொதிக்குது இது!"

"வெளிய மண்ணுல வெச்சிட்டுத் தள்ளிப் போங்க! குனிஞ்சு பாக்காதீங்க!"

மொத்தமாகக் கலந்த பிசின் தானே சூடேறியதில் குவளை புகைந்து உருகிச் சரிந்தது. அதன்பிறகு தட்டையான தட்டில் கொஞ்சங்கொஞ்சமாகவே கலந்தான்.

தங்கைக்கு மனசு இரங்கியோ, படகு உருப்பெறுவதைப் பார்த்தோ, அண்ணனும் ஒருநாள் உதவ வந்தான், வெறுங்கையோடு. அவள் வழியை மறித்தாள்.

"கையுறை போட்டுட்டு உள்ள போ."

"இது காய்ச்சுப்போன கைடி. என்ன ஆயிடும்?"

"என் கை மட்டும் என்ன பூவா? போடு, இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு."

முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டான்.

பிசின் முழுவதும் இறுகிய பிறகே உப்புத்தாளால் தேய்க்க விட்டாள், அதுவும் தூசு பறக்காமல் ஈரம் தொட்டு. வண்ணம் பூசிய படகை மூவரும் ஏரியில் இறக்கினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து துடுப்பைக் கேட்டு வாங்கினாள்.

"முதல்ல நான் பாக்கறேன், ஒழுகினா என்ன பண்ணுவ?" என்றான் அண்ணன்.

"நீந்துவேன்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பால் கரையை உந்தித் தள்ளினாள்.