துருவைத் துடைத்த அண்ணன்

வெள்ளைத் துணியில் இரும்புத் துருவைப் பதித்துப் படம் செய்கிறவள் நான். அடுத்த வாரக் கண்காட்சிக்காக, சென்னை பாடியில் ஒரு லேத் பட்டறை வாசலில் பழைய பல்சக்கரங்களைத் துருப்பிடிக்கட்டும் என்று மழையில் போட்டு வைத்திருந்தேன்.

இன்று போனால் எல்லாம் பளபளக்கின்றன.

பட்டறைக்கார அண்ணன் பெருமையாகச் சொன்னார்: “துரு புட்ச்சிகினு இருந்துச்சும்மா, மனசு கேக்கல. தேச்சு ஆயில் போட்டுட்டேன்.”

“அண்ணே, துணியில பதிக்க எனக்குத் துருதான் வேணும்!” அழாத குறை.

“அத்த மொதல்லயே சொல்றதில்ல? எங்க ஊட்டு கேட்டு ஃபுல்லா துருதான். பெயின்ட் அடிக்கலன்னு உங்க அண்ணி தெனமும் திட்டிகினு கீறா. வா, அதுல துணிய கட்டிக்க.”

அந்தக் கேட்டில் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு வந்தேன். கண்காட்சி பிழைத்தது. நன்றி அண்ணே!

ஆனால் அண்ணி கேட்டால், பெயின்ட் அடிக்காததே கலைக்காகத்தான் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். துணைக்கு யாராவது வருகிறீர்களா?